வேலையிடத்தில் உடல்நலம்: ட்ரெட்மில் வாங்கும் முன் பாத்ரூம் தாழ்ப்பாளைப் பாருங்கள்

எங்கள் கம்பெனி மாடியில் ஒரு ட்ரெட்மில் இருக்கிறது. வாங்கின முதல் வாரம் அதற்கு க்யூ நின்றது, இரண்டாவது வாரம் அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவன் மட்டும் ஓடினான், அடுத்து வந்த மழைக்காலத்தில் அது யூனிஃபார்ம் காயப்போடும் கொடியாகிவிட்டது. முதலாளியிடம் பேசிப் பேசி வாங்க வைத்ததே நான்தான். அதனால் கேலியும் எனக்குத்தான்.

நாங்கள் இருப்பது வட சென்னையில், திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில். பட்டறையும் குடோனும் சேர்ந்த இடம், 60 சொச்சம் பேர். அதில் 15 பேர் கம்ப்யூட்டர் முன்னால், மற்றவர்கள் லேத், வெல்டிங், பேக்கிங், லோடிங். என் போர்டில் எச்.ஆர். என்று எழுதியிருக்கும், ஆனால் டீ கணக்கு முதல் ஜெனரேட்டர் டீசல் வரை எல்லாம் நான்தான். இந்த அளவு இடங்களில் வேலை செய்கிறவர்களின் உடம்பைக் கொஞ்சம் நல்லபடியாக வைத்துக்கொள்ள என்ன செய்யலாம், எதில் காசை வீணடிக்கக் கூடாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ட்ரெட்மில்லுக்கு முன்னால் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு யோகா மாஸ்டரைப் பிடித்து, வாரம் மூன்று நாள் மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தோம். முதல் நாள் வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் நான்கு பேர் என் முகத்துக்காக வந்தவர்கள். லோடிங்கில் இருக்கும் ஒரு அண்ணன் நேராகவே கேட்டார்: "இன்னா மேடம், நாள் பூரா மூட்டை தூக்கிட்டு, சாயந்திரம் வேற குனிஞ்சி நிமிரணுமா?" பேக்கிங்கில் இருக்கும் பெண்களுக்கோ ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் வீட்டு அடுப்பின் நிமிடம். கொடுங்கையூர் போகிறவருக்கு அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் உறைத்தது. ஆட்களின் சொந்த நேரத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் நலத்துக்கு ஒன்று செய்கிறேன் என்றால், அது நலத்திட்டம் இல்லை, ஓவர்டைம். எதைச் செய்தாலும் பஞ்ச் அடித்ததற்கும் பஞ்ச் அவுட்டுக்கும் நடுவில், சம்பள நேரத்துக்குள் செய்யுங்கள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஐந்து நிமிடம் மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தர மனமில்லாதவர் ட்ரெட்மில் வாங்கித் தந்தாலும் பிரயோஜனம் இல்லை.

முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சும்மா சுற்றுங்கள். யார் எத்தனை டீ குடிக்கிறார்கள், தண்ணீர் கேன் எங்கே இருக்கிறது, யார் எப்போது உட்காருகிறார்கள், யார் உட்காரவே இல்லை, மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டு முடித்து எத்தனை நிமிடத்தில் எழுந்திருக்கிறார்கள். கேள்வித்தாள் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லாதீர்கள். எல்லோரும் 'நன்று' என்றுதான் டிக் அடிப்பார்கள்.

இப்படிச் சுற்றினபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். பேக்கிங் மேசையில் எட்டு பெண்கள், எட்டு வாட்டர் பாட்டில், மதியம் ஒரு மணி ஆகியும் ஒன்றில்கூட மூடி திறக்கவில்லை. மே மாதம், தகரக் கூரை. ஒரு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் மேடம்" என்றார். போய்ப் பார்த்தேன். பெண்கள் பாத்ரூமின் தாழ்ப்பாள் உடைந்து ஒரு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது, பல்பு இல்லை. வழியோ ஆண்கள் பீடி பிடிக்கும் இடத்தைத் தாண்டி. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே இருந்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? அந்த எட்டுப் பேரில் பாதிப் பேருக்கு அது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வந்துபோகும் விருந்தாளி.

ஒரு தாழ்ப்பாள், ஒரு குழாய், ஒரு பல்பு, மூடி போட்ட ஒரு குப்பைக் கூடை, பீடி கோஷ்டியை வேறு மூலைக்கு மாற்றியது. மொத்தச் செலவு ட்ரெட்மில்லின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. பாட்டில்கள் தானாகத் திறந்தன.

சட்டமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது, 250 பேருக்கு மேல் இருந்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பதெல்லாம் 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்தது. இது அதற்கும் பழைய சண்டை. 1918ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தபோது பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. நூறு வருடம் கழித்து எங்கள் லேத் ஆட்கள் 15 நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது முழு அரை மணி நேரம், அந்த நேரத்தில் யாரும் யாரையும் "ஒரு நிமிஷம் வா" என்று கூப்பிடக் கூடாது.

வெயிலும் புழுக்கமும்

சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வியர்வை வழியுமே தவிரக் காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. எண்ணூர் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங் பிடிக்கிறவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெயிலில் கடினமான வேலை செய்கிறவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி, தாகம் எடுக்கிறதோ இல்லையோ குடிக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் கேன் ஆபீஸ் வாசலில் இருந்தால் நடக்காது, வேலை நடக்கும் இடத்துக்கே போக வேண்டும். நாங்கள் லோடிங் பேயில் ஒரு மண்பானை வைத்தோம், பானை என்றதும் ஆட்களுக்கு ஒரு ஆசை வருகிறது, ஏனென்று தெரியவில்லை. பதினோரு மணிக்கு நீர்மோர், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு போட்டு. ரொம்ப வியர்த்துச் சோர்ந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று போட்டிருந்தால் சரியாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் மொத்த பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கக் கூடாது. இதை நான் எத்தனை தடவை பார்த்துவிட்டேன்.

லோடிங்கைக் காலை பத்து பத்தரைக்குள் முடிக்கப் பாருங்கள். டிரெய்லர் வரும் நேரம் நம் கையில் இல்லைதான், துறைமுகத்துப் பக்கம் ட்ராஃபிக் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மதியம் ஒரு மணிக்கு வந்த வண்டியை மூன்றரைக்குப் பிரிப்பதால் உலகம் முடிந்துவிடாது. புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் நாளே முழு வெயிலில் விடாதீர்கள். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் உடம்பு பழகும்.

யாராவது பேச்சு குழறினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், சரிந்து விழுந்தால், உடனே 108. வண்டி வரும்வரை நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் எத்தனை யோகா வகுப்பு நடத்தினாலும் வீண்.

மூட்டை தூக்குகிறவருக்கு ஒன்று, நாற்காலிக்காரருக்கு வேறு

எல்லோருக்கும் ஒரே உடற்பயிற்சி என்று ஆரம்பித்ததுதான் என் பெரிய தப்பு. லோடிங் ஆளுக்கு இன்னும் அசைவு தேவையில்லை, அவருக்குத் தேவை ஓய்வும் ட்ராலியும். எல்லாம் சாதகமாக இருக்கும்போதே, அதாவது சுமை உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல் தூக்கும்போதே, 23 கிலோவைத்தான் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் மேல் வரம்பாக வைத்திருக்கிறது. நம் ஊர் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அப்புறம் ஏன் 40 வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள் என்று கேட்கிறோம்.

'முட்டியை மடக்கித் தூக்கு' என்று போஸ்டர் ஒட்டுவதைவிட, சரக்கைத் தரையில் அடுக்காமல் பேலட் என்கிற மரத்தட்டின் மேல் ஏற்றி முட்டிக்கும் தோளுக்கும் நடுவில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தால் பாதி வலி குறையும். சுமை வயிற்றை ஒட்டி இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்ப வேண்டும். கனமானதற்கு இரண்டு ஆள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இரண்டு ஹேண்ட் பேலட் ட்ரக்தான்.

நாள் முழுக்க நிற்பவர்கள் இன்னொரு ரகம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை செய்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், கால் நரம்பு சுருண்டுபோன கதையைச் சொல்வார்கள். கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் பேக்கிங் மேசைக்கு நான்கு உயர ஸ்டூல் செய்தோம், வெல்டிங் செக்‌ஷனிலேயே, ஸ்கிராப் பைப்பில். எட்டுப் பேருக்கு நான்கு, மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். உட்காராத நேரத்தில் குதிகாலை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு இருபது. கெண்டைக்கால் சுருங்கி விரியும்போதுதான் கீழே தேங்கின ரத்தம் மேலே ஏறும்.

நாற்காலிக்காரர்களுக்குத்தான் உண்மையில் அசைவு தேவை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. மெட்ரோ 2021ல் விம்கோ நகர் வரை வந்த பிறகு எங்கள் ஆபீஸ் ஆட்கள் பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள். ஸ்டேஷன் வாசலிலேயே ஷேர் ஆட்டோ நிற்கும், அதுதான் வில்லன். மூன்று பேர் சேர்ந்து பேசிக்கொண்டே நடந்து வந்தால் ஆட்டோ ஞாபகமே வராது, தனியாக நடக்கச் சொன்னால் இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். ஒன்று மட்டும், டிரெய்லர் வரிசை கட்டி நிற்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டி நடக்காதீர்கள், உள்தெருவில் நடங்கள். காற்றில் ஆலைகளின் கேஸ் வாடை தூக்கலாக இருக்கும் நாளில் நடையே வேண்டாம், உள்ளேயே மாடிப்படி ஏறி இறங்கலாம். மணலிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் மேசைக்குப் பெரிய செலவு வேண்டாம். ஸ்கிரீன் ஒரு கை தூரத்தில், மேல் விளிம்பு கண் மட்டத்தில். கால் தரையில் பதியவில்லை என்றால் ஒரு பிளைவுட் பலகை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளி இருக்கிற எதையாவது இருபது விநாடி பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் ஜன்னல் வழியாக எதிரே இருக்கும் டீக்கடையைப் பார்க்கிறார்கள், பிறகு அங்கேயே போய்விடுகிறார்கள், சரி, அதுவும் நடைதானே.

காலை ஐந்து நிமிடம்

இது ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. பஞ்ச் அடித்தவுடன் ஐந்து நிமிடம், நின்ற இடத்திலேயே. வெளியிலிருந்து மாஸ்டர் வேண்டாம். எங்கள் ஃபோர்மேன் வியாசர்பாடிக்காரர், சின்ன வயதில் ஃபுட்பால் ஆடியவர், மேட்சுக்கு முன்னால் உடம்பைச் சூடாக்குவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொன்னால் கேட்கிறார்கள், நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

தோளைப் பின்பக்கமாகப் பத்துச் சுற்று. சுவரில் கையூன்றித் தள்ளல் பத்து. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து. குதிகால் ஏற்றம் இருபது. மணிக்கட்டை இரண்டு பக்கமும் சுழற்றுவது. அவ்வளவுதான். புடவையிலும் செய்யலாம், ஆயில் பட்ட யூனிஃபார்மிலும் செய்யலாம். படுக்க வேண்டிய, காலைத் தூக்க வேண்டிய எதையும் வைக்காதீர்கள், பெண்கள் ஒதுங்கிவிடுவார்கள். முட்டி வலி இருப்பவர், கர்ப்பிணி, ஆபரேஷன் ஆனவர் சும்மா நிற்கட்டும், காரணம் கேட்காதீர்கள்.

டீயும் பஜ்ஜியும்

ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு ஐந்து டீ. பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். டீயை நிறுத்து என்று சொன்னால் வேலைநிறுத்தம்தான் வரும். நாங்கள் டீ மாஸ்டரிடம் சர்க்கரை போடாமல் ஃப்ளாஸ்க்கில் அனுப்பச் சொல்லி, சர்க்கரையைத் தனி டப்பாவில் வைத்தோம், டப்பாவில் சின்ன ஸ்பூன். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். எடுத்துப் போட வேண்டியிருந்தால் கை தானாகக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கிறது.

நாலு மணிக்கு பஜ்ஜி போட்டுத் தரும் அம்மா பதினைந்து வருடமாக எங்கள் கேட்டில் கடை வைத்திருக்கிறார். பஜ்ஜி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினால் அவர் பிழைப்பு போகும். அதனால் அவரையே கேட்டோம்: செவ்வாயும் வியாழனும் சுண்டல், கம்பெனி கணக்கில். கொண்டைக்கடலை, பட்டாணி, மாங்காய் துருவல் போட்டு. அன்றைக்கு பஜ்ஜி கேட்டால் அவரே விரட்டுகிறார். கோடையில் காலை கேழ்வரகுக் கூழ் வண்டியையும் உள்ளே விட்டோம், கூழ் சரி, தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயிலும் கருவாட்டிலும் உப்பு அதிகம், பிரஷர் இருப்பவர் சின்ன வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மெடிக்கல் கேம்ப் வைத்தால்

முதல் கேம்ப்பை நாங்கள் கெடுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். பிரஷர், சுகர் எல்லாம் பார்த்துவிட்டு, ரிசல்ட் பட்டியலை யாரோ நல்லெண்ணத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். பெயர், வயது, சுகர் அளவு. மறுநாளிலிருந்து ஒரு ஆளுக்கு 'ஜிலேபி' என்று பெயர் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டார், ஆனால் அடுத்த வருடம் கேம்ப் அன்றைக்கு லீவு போட்டார். அவர் மட்டுமில்லை, பாதிப் பேர் வரவில்லை.

ரிசல்ட் அவரவர் கையில், மூடின கவரில். கம்பெனிக்கு எண்ணிக்கை மட்டும் போதும், முதலாளி கேட்டாலும் பெயர் தராதீர்கள். சுகர் இருப்பது தெரிந்தால் வேலை போகுமோ என்ற பயம் இருக்கும்வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பார்க்க வேண்டியவை அதிகமில்லை: பிரஷர் 140க்கு 90ஐத் தொட்டால், வெறும் வயிற்றில் சுகர் 126ஐத் தொட்டால் டாக்டரிடம் போய் உறுதிசெய்ய வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் கவனம். டிரைவர்களுக்குக் கண், லேத் ஆட்களுக்குக் காது.

கேம்ப்போடு விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 'டாக்டரைப் பாருங்கள்' என்று சீட்டு கொடுத்துவிட்டு அந்த நாள் சம்பளத்தைப் பிடித்தால் யார் போவார்? அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் ஈ.எஸ்.ஐ.யில் வருவார்கள், அயனாவரத்தில் ஆஸ்பத்திரியே இருக்கிறது, ஆனால் கார்டு எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு மதியம் உட்கார்ந்து எல்லோருடைய கார்டையும் குடும்ப விவரத்தையும் சரிபார்த்துக் கொடுங்கள். என் கணக்கில் நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்த வேலை அதுதான்.

குடி, கடன், தூக்கம். இவற்றை மேடை போட்டுப் பேசாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கடனுக்குச் சம்பள அட்வான்ஸ் வட்டியில்லாமல் கிடைக்கும் என்று தெரிந்தாலே பல பேருக்குத் தூக்கம் வரும். மனசு சரியில்லை என்றால் 14416க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ், மத்திய அரசு நடத்துவது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் போனில் சேவ் பண்ண முடியும்.

போட்டி வைப்பதாக இருந்தால்

நடைப் போட்டி, அதாவது போனில் எத்தனை ஸ்டெப் என்று பார்ப்பது, வேண்டாம். எங்கள் போட்டியில் ஜெயித்தவர் போனைத் தன் பையன் காலில் கட்டித் தெருவில் விளையாட விட்டவர். அதுவுமில்லாமல் லோடிங் ஆளுக்கும் டைப்பிங் பெண்ணுக்கும் ஒரே போட்டியா? ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் நல்லது, ஆனால் பத்து வருடமாக ஓடாத 42 வயதுக்காரர் நேராக கிரவுண்டில் இறங்கினால் திங்கட்கிழமை முட்டியில் கட்டோடு வருவார், ஒரு மாதம் முன்னாலிருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் லேசாக ஓடச் சொல்லுங்கள்.

எங்களிடம் நிலைத்தது கேரம் போர்டு ஒன்றுதான். கேரமில் உடம்பு இளைக்காது, தெரியும். ஆனால் மதிய இடைவேளையில் போனைத் தடவிக்கொண்டு தனித்தனி மூலையில் உட்கார்ந்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்தார்கள், ஆபீஸும் பட்டறையும் ஒரே பலகையில் பவுடர் தூவுகிறது. இது கேரம் ஊர்தானே, 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அந்தச் செய்தி வந்த வாரம் பேக்கிங் பெண்கள் எங்களுக்கும் ஒரு போர்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

எது பலன் தருகிறது என்று பார்க்க ஆப் எதுவும் வேண்டாம். மூன்று கணக்கு போதும்: உடம்பு சரியில்லை என்று போட்ட லீவு, முதலுதவி ரிஜிஸ்டரில் இடுப்பு வலி என்று எழுதியது, மளிகை பில்லில் மாதத்துக்கு எத்தனை கிலோ சர்க்கரை. முதல் இரண்டும் ஆறு மாதம் கழித்துத்தான் ஏதாவது சொல்லும். மூன்றாவது அடுத்த மாதமே சொல்லிவிடும், மளிகைக்காரரே போன் பண்ணிக் கேட்டார், "இன்னா மேடம், வேற கடையில வாங்குறீங்களா?"